காலேஜ்ல வேலை பார்க்க ஒரு மாஸ்டர்ஸ்: அமெரிக்க ‘ஹையர் எட்’ படிப்போட கதையும் கணக்கும்

அமெரிக்காவுல சுமாரான சைஸ்ல இருக்குற ஒரு யூனிவர்சிட்டிய எடுத்துக்கோங்க. பாடம் நடத்துற ப்ரொஃபசர்களை ஒதுக்கி வச்சிட்டு மீதி ஆளுங்களை மட்டும் பாருங்க. டார்ம்லயே பசங்களோட தங்கி இருக்குற ஹால் டைரக்டர், எந்த செமஸ்டர்ல எந்த கோர்ஸ் எடுக்கணும்னு சொல்ற அகடமிக் அட்வைசர், ஃபைனான்ஷியல் எய்ட் ஆபீஸ்ல இருக்குறவங்க, ரூம்ல பீர் பாட்டிலோட மாட்டுன பையனை விசாரிக்கிற கான்டக்ட் (நடத்தை) ஆபீசர், மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு எக்ஸாம்ல கூடுதல் நேரம் ஏற்பாடு பண்றவங்க, கரியர் சென்டர், ஓரியன்டேஷன், கிளப்புங்களுக்கு காசு ஒதுக்குற ஆபீஸ், இப்படி போயிட்டே இருக்கும். இவங்கள்ல நிறைய பேர்கிட்ட நீங்க என்ன படிச்சீங்கன்னு கேட்டா பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: ஹையர் எட்ல மாஸ்டர்ஸ்.

பேரு மட்டும் இடத்துக்கு இடம் மாறும். ஒரு ஊர்ல ஹையர் எஜுகேஷன் அட்மினிஸ்ட்ரேஷன், இன்னொரு ஊர்ல ஸ்டூடண்ட் அஃபேர்ஸ், ஓஹையோவுல பௌலிங் கிரீன் ஸ்டேட்ல காலேஜ் ஸ்டூடண்ட் பர்சனல். இந்தியானா, மிஷிகன் ஸ்டேட், வெர்மான்ட், ஜார்ஜியா, மேரிலேண்ட், ஃப்ளோரிடா ஸ்டேட்னு பெரிய ஸ்டேட் யூனிவர்சிட்டிங்கள்ல இது பழைய, பேர் வாங்குன கோர்ஸ். இதுக்குன்னு தனியா பேச்சலர்ஸ் படிச்சிட்டு யாரும் வர்றதில்ல. பயாலஜி படிச்சவன் வருவான், மியூசிக் படிச்சவ வருவா, பொலிட்டிக்கல் சயின்ஸ் படிச்சிட்டு லா ஸ்கூல் வேண்டாம்னு முடிவு பண்ணவங்க வருவாங்க. முக்கால்வாசி பேருக்கு வந்த வழி ஒண்ணுதான்: இளங்கலை படிக்கும்போது டார்ம்ல ஒரு மாடிப் பசங்களை பார்த்துக்குற ஆர்.ஏ.வா (ரெசிடென்ட் அசிஸ்டன்ட்) இருந்திருப்பாங்க, இல்ல ஓரியன்டேஷன் லீடரா, ஸ்டூடண்ட் கவுன்சில்ல ஏதாவது பொறுப்புல இருந்திருப்பாங்க, அங்க ஒரு டைரக்டர் கூப்பிட்டு ‘நீ நல்லா பண்றியே, இதையே வேலையா பார்க்கலாம் தெரியுமா’ன்னு கேட்டிருப்பாங்க. அதுவரைக்கும் இப்படி ஒரு தொழில் இருக்குன்னே அவங்களுக்கு தெரிஞ்சிருக்காது.

நம்ம ஊர்ல இருந்து பார்த்தா இது கொஞ்சம் விசித்திரமா தெரியும், ஏன்னா நம்ம காலேஜ்ல ஹாஸ்டல் வார்டன்னா பிசிக்ஸ் டிபார்ட்மென்ட் சாருக்கு கூடுதல் பொறுப்பு, ஐஐடில ஸ்டூடண்ட்ஸ் டீன்னாலும் அவரும் ஒரு ப்ரொஃபசர்தான், சில வருஷம் பார்த்துட்டு லேபுக்கு திரும்பிடுவார். அதுக்கு எதுக்கு தனியா ரெண்டு வருஷ படிப்பு? நியாயமான கேள்வி. அமெரிக்காவுலயும் ஒரு காலத்துல வாத்தியாருங்கதான் இதெல்லாம் பார்த்தாங்க. அது எப்படி அவங்க கைய விட்டு போச்சுன்னு புரிஞ்சாதான் இந்த படிப்பு ஏன் இருக்குன்னு புரியும்.

பழைய காலத்து அமெரிக்க காலேஜ்ல டியூட்டருங்க பசங்களோடவே தங்கி, காலையில ப்ரேயருக்கு எழுப்பி, ராத்திரி யார் வெளிய போறான்னு பார்த்து, அடிதடின்னா தண்டனை கொடுத்துன்னு எல்லாத்தையும் பண்ணாங்க. 19ஆம் நூற்றாண்டு கடைசியில ஜெர்மனி மாதிரி ஆராய்ச்சி யூனிவர்சிட்டி வேணும்னு ஆசை வந்துச்சு, ப்ரொஃபசருங்க லேபுக்கும் லைப்ரரிக்கும் போயிட்டாங்க, பசங்களை யார் பார்க்குறது? 1870ல ஹார்வர்டுல சார்ல்ஸ் எலியட் ப்ரெசிடென்டா இருந்தப்போ எஃப்ரைம் கர்னிங்கற ஹிஸ்டரி ப்ரொஃபசரை டீனா போட்டார். 1891ல அதே ஹார்வர்டுல லபேரன் ரஸ்ஸல் பிரிக்ஸ் வந்தப்போதான் பசங்க நேரா போய் பேசுற மாதிரி ஒரு டீன் உருவானார்.

ஆனா இதை ஒரு தொழிலா மாத்துனது ஆம்பளைங்க இல்ல. பொண்ணுங்க காலேஜுக்கு வர ஆரம்பிச்சதும் ‘இவங்களை எப்படி மேய்க்கிறது’ன்னு ப்ரெசிடென்டுங்களுக்கு பயம் வந்து, டீன் ஆஃப் விமன்னு ஒரு பதவிய உருவாக்குனாங்க. சிகாகோ யூனிவர்சிட்டியில 1892ல ஆலிஸ் ஃப்ரீமேன் பாமர், அவங்களுக்கு அப்புறம் மேரியன் டால்பட். பொண்ணுங்களை கண்காணிக்கத்தான் இவங்களை வேலைக்கு எடுத்தாங்க, ஆனா அவங்க பண்ணது வேற: ஹவுசிங், உடம்பு, வேலைவாய்ப்பு, படிப்பு எல்லாத்தையும் கையில எடுத்துக்கிட்டு, 1903லயே டால்பட் மத்த டீனுங்களை கூட்டி மாநாடு போட்டு, இதுக்குன்னு ஒரு பயிற்சி வேணும்னு பேச ஆரம்பிச்சிட்டாங்க. நியூயார்க்ல கொலம்பியாவோட டீச்சர்ஸ் காலேஜ்ல 1910கள்ல வந்த முதல் கோர்ஸுங்க இவங்களுக்காக வந்ததுதான். 1922ல ஹோவர்ட் யூனிவர்சிட்டியில டீன் ஆஃப் விமனா வந்த லூசி டிக்ஸ் ஸ்லோ இந்த வரிசையில முக்கியமான ஆளு. (அவங்க 1917லயே டென்னிஸ்ல நேஷனல் டைட்டில் ஜெயிச்ச முதல் கறுப்பினப் பெண்ணும்கூட, இந்த கட்டுரைக்கு சம்பந்தம் இல்லாட்டியும் சொல்லாம விட மனசு வரல.) ஆம்பளை டீனுங்க அவங்களுக்குன்னு ஒரு சங்கம் ஆரம்பிச்சது 1919ல, அதுதான் இன்னைக்கு நாஸ்பாங்கற பெரிய அமைப்பு. இன்னொரு பெரிய அமைப்பான ஏசிபிஏ 1924. அப்புறம் ரெண்டாம் உலகப்போர் முடிஞ்சு டீன் ஆஃப் மென், டீன் ஆஃப் விமன் ரெண்டையும் சேர்த்து டீன் ஆஃப் ஸ்டூடண்ட்ஸ்னு ஒரே பதவி ஆக்குனாங்க பாருங்க, அந்த சீட்டுல உக்காந்தது பெரும்பாலும் யாருன்னு நான் சொல்லணும்னு இல்ல.

1937ல அமெரிக்கன் கவுன்சில் ஆன் எஜுகேஷன் ஒரு அறிக்கை வெளியிட்டாங்க, படிக்கிற மூளைய மட்டும் பார்க்காம மாணவனை முழு மனுஷனா பாருங்கன்னு அதோட சாரம். ஹையர் எட் படிக்கிற எல்லாரும் முதல் செமஸ்டர்லயே இதை படிச்சாகணும். போர்ல இருந்து திரும்புன சிப்பாய்ங்களோட படிப்புச் செலவை அரசு ஏத்துக்கிட்ட 1944 ஜி.ஐ. பில்லால சுமார் 22 லட்சம் முன்னாள் சிப்பாய்ங்க காலேஜுக்கு வந்து சேர்ந்தாங்க, கல்யாணம் ஆனவங்க, குழந்தை உள்ளவங்க, போரைப் பார்த்துட்டு வந்தவங்க. ராத்திரி பத்து மணிக்கு லைட்டை அணைன்னு இவங்ககிட்ட யார் போய் சொல்ல முடியும்?

உண்மையான திருப்பம் 1961ல. அலபாமாவுல மாண்ட்கோமெரியில அலபாமா ஸ்டேட் காலேஜ்ல படிச்ச கறுப்பின மாணவர்கள் 1960 பிப்ரவரியில கோர்ட் கட்டடத்து லஞ்ச் ரூம்ல போய் உக்காந்து போராட்டம் பண்ணாங்க. ஒன்பது பேரை காலேஜ் விசாரணை எதுவும் இல்லாம வெளிய அனுப்பிடுச்சு. டிக்சன் வழக்குன்னு அது மேல்கோர்ட்டுக்கு போச்சு. அரசு காலேஜ் ஒரு மாணவனை வெளியேத்தணும்னா என்ன குற்றம்னு சொல்லணும், பதில் சொல்ல வாய்ப்பு கொடுக்கணும்னு தீர்ப்பு வந்துச்சு. அதுவரைக்கும் காலேஜ் வச்சதுதான் சட்டம், அப்பா அம்மா இடத்துல நாங்க இருக்கோம், என்ன வேணா பண்ணுவோம்னு இருந்த காலம் அதோட முடிஞ்சுது. இன்னைக்கு ஒவ்வொரு கேம்பஸ்லயும் கான்டக்ட் ஆபீஸ், நோட்டீஸ் லெட்டர், ஹியரிங், அப்பீல்னு நடக்குறதுக்கெல்லாம் வேர் அந்த தீர்ப்புல இருக்கு.

அதுக்கு அப்புறம் ஒவ்வொரு சட்டமும் ஒரு ஆபீஸை பெத்துப் போட்டுச்சு. 1972ல படிப்புல ஆண் பெண் பாகுபாடு கூடாதுன்னு டைட்டில் நைன். 1973ல மாற்றுத்திறனாளிகளுக்கான செக்‌ஷன் 504, அவங்களுக்கே 1990ல ஏடிஏ. 1986ல லீஹை யூனிவர்சிட்டியில ஜீன் க்ளெரிங்கற மாணவி டார்ம் ரூம்லயே கொல்லப்பட்டாங்க, அவங்க பெத்தவங்க விடாம போராடி 1990ல க்ளெரி சட்டம் வந்துச்சு, கேம்பஸ்ல நடக்குற குற்றங்களை காலேஜ் எண்ணி வெளியிட்டே ஆகணும். நடுவுல 1974ல ஃபெர்பா, மாணவரோட மார்க், பதிவுகளை ரகசியமா வைக்கச் சொல்ற சட்டம், இதை அமெரிக்காவுல பிள்ளைய காலேஜ்ல சேர்த்த நம்ம பெத்தவங்க பலர் கோவத்தோட தெரிஞ்சுக்கிறாங்க. ஃபீஸ் நான் கட்டுறேன், என் பையன் மார்க்கை எனக்கு ஏன் சொல்ல மாட்டேங்கிறீங்கன்னு ஃபோன்ல கத்துவாங்க. காலேஜ்ல சேர்ந்துட்டா அந்த உரிமை பையனோடது, அவன் கையெழுத்து போட்டு சம்மதிக்கணும், இல்ல டேக்ஸ்ல அவனை டிபென்டன்டா காட்டியிருந்தா காலேஜ் விரும்புனா சொல்லலாம், சொல்லியே ஆகணும்னு கட்டாயம் இல்ல. ஃபோனை எடுக்குற 24 வயசு பொண்ணு இதையெல்லாம் மரியாதையா, அந்த அப்பாவை அவமானப்படுத்தாம சொல்லணும். இந்த படிப்புல கத்துக்கொடுக்குற வேலைகள்ல அதுவும் ஒண்ணு.

2007 ஏப்ரல்ல வர்ஜினியா டெக்ல 32 பேர் சுட்டுக் கொல்லப்பட்டப்போ விசாரணைல தெரிஞ்சது என்னன்னா, அந்த மாணவனைப் பத்தி ஆளுக்கொரு ஆபீஸ்ல ஆளுக்கொரு துண்டு தகவல் இருந்திருக்கு, ப்ரைவசி சட்டம் தடுக்குதுன்னு தப்பா நினைச்சு யாரும் சேர்த்துப் பார்க்கல. ஃபெர்பா அப்படி தடுக்கவே இல்ல, ஆபத்து இருந்தா பகிரலாம். இன்னைக்கு கேர் டீம், த்ரெட் அசெஸ்மென்ட் டீம்னு வாராவாரம் கூடுற கூட்டங்கள் எல்லா இடத்துலயும் பரவுனது அதுக்கு அப்புறம்தான். சட்டத்தை அரைகுறையா தெரிஞ்சு வச்சிருந்தா என்ன ஆகும்னு காட்ட இதைவிட கொடுமையான உதாரணம் கிடையாது. இப்படி ஒவ்வொரு சட்டமும், ஒவ்வொரு சோகமும் வேலைய பெருக்குச்சு. பிசிக்ஸ் சார் சாயங்காலம் வந்து பார்த்துட்டு போற வேலை இல்ல இதுன்னு ஆனது அப்படித்தான்.

சரி, க்ளாஸ்ல என்ன நடக்குது? வழக்கமா ரெண்டு வருஷம், 36ல இருந்து 48 க்ரெடிட் வரைக்கும். ஹார்வர்ட், பென் மாதிரி சில இடங்கள்ல ஒரு வருஷத்துலயே முடிச்சிடலாம். ஹிஸ்டரி, லா, ஃபைனான்ஸ், அசெஸ்மென்ட், கவுன்சலிங் ஸ்கில்ஸ்னு கோர்ஸ் இருக்கும் (கவுன்சலர் ஆக்குற படிப்பு இல்ல இது, எப்போ காது கொடுக்கணும், எப்போ நிபுணர்கிட்ட அனுப்பணும்னு தெரிஞ்சுக்கத்தான்). ஆனா இந்த படிப்போட அடையாளமே ஸ்டூடண்ட் டெவலப்மென்ட் தியரின்னு ஒரு கோர்ஸ். வெர்மான்ட்ல காடர்ட் காலேஜ்ல பசங்களை ஆராய்ச்சி பண்ண ஆர்தர் சிக்கரிங் 1969ல சொன்ன ஏழு வெக்டர், அதாவது மாணவன் வளர்ற ஏழு திசை, ஹார்வர்ட் பசங்களை பேட்டி எடுத்து வில்லியம் பெரி 1970ல சொன்னது, அதாவது ‘சரி, தப்பு ரெண்டுதான்’னு நினைச்சுட்டு வர்றவன் எப்படி படிப்படியா ‘பல பதில் இருக்கலாம், ஆனாலும் நான் ஒண்ணை தேர்ந்தெடுத்து நிக்கணும்’ங்கற இடத்துக்கு வர்றான்னு. நெவிட் சான்ஃபோர்டோட சவாலும் ஆதரவும் ரெண்டும் வேணும்ங்கறது, 1984ல அலெக்சாண்டர் ஆஸ்டினோட ஈடுபாடு பத்தின தியரி, நான்சி ஷ்லாஸ்பெர்க் சொன்ன ‘நான் இங்க ஒரு பொருட்டா’ங்கற உணர்வு.

கேட்க ஃபிலாசஃபி மாதிரி இருக்கும். ஆனா ஷ்லாஸ்பெர்க் சொன்னதை வச்சு ஒரு ஆபீஸைப் பாருங்க: பகல்ல வேலைக்கு போயிட்டு சாயங்காலம் ஆறு மணி க்ளாஸுக்கு வர்ற ஒரு அம்மா, அவங்க வர்றதுக்குள்ள அட்வைசிங் ஆபீஸ், ஃபீஸ் கவுன்டர் எல்லாம் பூட்டியாச்சு. யாரும் அவங்களை போன்னு சொல்லல, ஆனா நீ இங்க ஒரு பொருட்டே இல்லன்னு பூட்டுன கதவு சொல்லிடுச்சு. தியரி படிச்ச ஆளு ஆபீஸ் டைமை மாத்த மேனேஜர்கிட்ட சண்டை போடுவாங்க. அவ்வளவுதான் அதோட பயன், அது சின்ன பயன் இல்ல.

இந்த தியரிங்க மேல இருக்குற விமர்சனமும் க்ளாஸ்லயே வரும், உண்மைய சொன்னா அதுதான் சுவாரசியமான பகுதி. பெரி பேட்டி எடுத்தது பெரும்பாலும் வசதியான வெள்ளைக்கார ஆம்பளைப் பசங்களை. வின்சென்ட் டின்டோ 1975ல இருந்து சொல்லி வந்தது, காலேஜோட படிப்புலயும் சமூக வாழ்க்கையிலயும் ஒட்டாதவன் படிப்பை விட்டுடுவான்னு. கேட்க சரியாத்தான் இருக்கு, ஆனா வாராவாரம் வீட்டுக்கு ஓடிப்போய் அப்பா கடையில உதவி பண்ற பொண்ணை இந்த மாடல் எப்படி பார்க்கும்? ஒட்டாதவ, ரிஸ்க் உள்ளவன்னு பார்க்கும். 1992ல வில்லியம் டியர்னி இதைத்தான் கேட்டார், தன் ஜனங்களை விட்டுட்டு வந்தாதான் படிக்க முடியும்னு சொல்றது என்ன நியாயம்னு. 2005ல டாரா யோசோ இன்னும் ஒரு படி போய், குடும்பமும் மொழியும் இந்த பசங்களுக்கு குறை இல்ல, சொத்துன்னு எழுதினாங்க. வீட்டுலயே முதல் ஆளா காலேஜுக்கு போன யாருக்கும் இந்த விவாதம் ரெண்டு நிமிஷத்துல புரிஞ்சிடும், ப்ரொஃபசருக்குத்தான் விளக்க ஒரு மணி நேரம் ஆகும்.

எனக்கு இந்த படிப்பு மேல இருக்குற முக்கியமான குறையே, தியரிக்கு கொடுக்குற இடத்துல பாதிகூட காசுக்கும் டேட்டாவுக்கும் கொடுக்குறதில்லங்கறது. ஏன் சொல்றேன்னா, பசங்களை டிகிரி முடிக்க வைக்க எது உதவுதுன்னு உருப்படியா நிரூபிச்ச திட்டங்களைப் பாருங்க. நியூயார்க் சிட்டி யூனிவர்சிட்டியில 2007ல ஆரம்பிச்ச அசாப் திட்டத்துல முழுநேரமா படிக்கணும்னு ஒரு கண்டிஷன், பதிலுக்கு கட்டணத்துல விழுற துண்டை கட்டுவாங்க, புக்குக்கு உதவி, பஸ் ரயிலுக்கு பாஸ், அப்புறம் கொஞ்சம் மாணவர்களை மட்டும் பார்க்குற அட்வைசர். லாட்டரி போட்டு ரெண்டு குழுவா பிரிச்சு சோதிச்சப்போ, திட்டத்துல இருந்தவங்கள்ல மூணு வருஷத்துல 40 சதவீதம் பேர் டிகிரி வாங்கினாங்க, இல்லாதவங்கள்ல 22. இந்த திட்டம் நடக்குற ரெண்டு வருஷ கம்யூனிட்டி காலேஜ் உலகத்துல இது மாதிரி ரிசல்ட் ரொம்ப அபூர்வம். ஓஹையோவுல மூணு காலேஜ்ல திரும்ப பண்ணிப் பார்த்தும் நல்லாவே வேலை செஞ்சுது. ஜார்ஜியா ஸ்டேட் 2012ல இருந்து மார்க், கோர்ஸ், ரெஜிஸ்ட்ரேஷன்னு டேட்டாவை தினமும் பார்த்து, ஒரு பையன் தடுமாறுறான்னு தெரிஞ்சதும் அட்வைசர் கூப்பிட்டு பேசுற மாதிரி ஏற்பாடு பண்ணாங்க, கூடவே சில நூறு டாலர் பாக்கிக்காக க்ளாஸ்ல இருந்து பேர் அடிபடப் போறவங்களுக்கு சின்ன கிராண்ட் கொடுத்தாங்க, க்ராஜுவேஷன் ரேட் ஏறுச்சு, கறுப்பின மாணவர்களுக்கும் மத்தவங்களுக்கும் இருந்த இடைவெளி மறைஞ்சுது. பஸ் பாஸ், பாக்கி பணம், அட்வைசர் தலைக்கு எத்தனை பசங்க, இதெல்லாம்தான் விஷயம். இந்த மாதிரி ஒரு திட்டத்துக்கு பட்ஜெட் போடத் தெரியாத பட்டதாரி, எவ்வளவு நல்ல மனசோட இருந்தாலும், ஆபீஸ்ல கடைசி நாற்காலியிலதான் உக்காரணும்.

அட்மினிஸ்ட்ரேஷன் பக்கம்னு ஒண்ணு இருக்கு, அங்க காசு பேசுறது சகஜம். ரெஜிஸ்ட்ரார் ஆபீஸ், காலேஜோட டேட்டாவை அலசுற இன்ஸ்டிட்யூஷனல் ரிசர்ச், அட்மிஷன்ஸ், நன்கொடை திரட்டுற அட்வான்ஸ்மென்ட் ஆபீஸ். எத்தனை பேரை எப்படி சேர்க்குறதுன்னு திட்டம் போடுற என்ரோல்மென்ட் மேனேஜ்மென்ட்னு இன்னைக்கு எல்லா காலேஜும் உயிரா நினைக்கிற துறையை 1970கள்ல பாஸ்டன் காலேஜ்ல ஆரம்பிச்சு வச்ச ஜாக் மக்வயர் அடிப்படையில ஒரு பிசிக்ஸ் வாத்தியார், அட்மிஷனுக்கு வந்து கணக்கு போட்டுப் பார்த்தார், அவ்வளவுதான். மாஸ்டர்ஸ் படிக்க வர்றவங்கள்ல பலரும் ஹவுசிங், ஸ்டூடண்ட் லைஃப்னு பசங்க முகம் பார்க்குற வேலைக்கே போறாங்க, ஆனா எக்ஸெல்லும் புள்ளிவிவரமும் கைவந்தவங்களுக்கு இந்தப் பக்கம் கதவு சீக்கிரம் திறக்கும், சம்பளமும் கொஞ்சம் மரியாதையா இருக்கும், ராத்திரி ரெண்டு மணிக்கு யாரும் கூப்பிட மாட்டாங்க.

ராத்திரி ரெண்டு மணின்னு சொன்னேன்ல, இந்த படிப்போட பாதி அங்கதான் இருக்கு. ஜி.ஏ., அதாவது க்ராஜுவேட் அசிஸ்டன்ட்ஷிப். வாரத்துக்கு 20 மணி நேரம் கேம்பஸ்ல ஒரு ஆபீஸ்ல வேலை, பதிலுக்கு ட்யூஷன் தள்ளுபடி, மாசம் ஒரு ஸ்டைபெண்ட். ஹவுசிங்ல ஜி.ஏ. கிடைச்சா தங்க அபார்ட்மென்ட், பல இடத்துல சாப்பாடும். பகல்ல ஆர்.ஏ.க்களோட மீட்டிங், ரூம்மேட் சண்டை பஞ்சாயத்து, கான்டக்ட் ஹியரிங், ராத்திரி முறை வச்சு டியூட்டி ஃபோன். தண்ணி பைப் வெடிச்சாலும் அதுல வரும், தற்கொலை பண்ணிக்கப் போறேன்னு ஒரு பொண்ணு அழுதாலும் அதுல வரும். 23 வயசுல இதையெல்லாம் பார்த்தவங்களுக்கு அப்புறம் எந்த ஆபீஸ் நெருக்கடியும் பெருசா தெரியாது. இதுக்கு மேல ப்ராக்டிகம்னு வேற ஆபீஸ்ல பழகுறது தனி. சிஏஎஸ்ங்கற அமைப்பு வச்சிருக்குற ஸ்டாண்டர்டுல குறைஞ்சது 300 மணி நேரம் மேற்பார்வையோட வேலைன்னு இருக்கு, ஜி.ஏ.ல அதை ஒரே செமஸ்டர்ல தாண்டிடுவாங்க.

இந்த துறைக்கு லைசென்ஸ் கிடையாது, நர்ஸ் மாதிரி போர்டு எக்ஸாம் எழுதியே ஆகணும்னு இல்ல. அப்போ வேலைக்கு எடுக்குறவங்க எதைப் பார்ப்பாங்க? ரெண்டு வருஷம் எந்த ஆபீஸ்ல என்ன பண்ணேன்னுதான். அதனால என் கணிப்பு ரொம்ப சுலபம்: இந்த படிப்பு ஒரு தொழிற்பயிற்சி, அதோட ஒரு செமினார் ஒட்டிக்கிட்டு வருது. ஜி.ஏ. இல்லாம, முழு ஃபீஸ் கட்டி, கடன் வாங்கி இதை படிக்காதீங்க. பேர் போன ப்ரைவேட் யூனிவர்சிட்டியா இருந்தாலும் சரி. ஒரு சின்ன ஸ்டேட் யூனிவர்சிட்டியில ட்யூஷனும் ரூமும் கொடுத்து ரெண்டு வருஷ அனுபவத்தோட அனுப்புறாங்கன்னா, ஹால் டைரக்டர் இன்டர்வியூல அவங்களுக்கும் ஐவி லீக் ஆளுக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. ஏற்கனவே காலேஜ்ல வேலை பார்க்குறவங்களுக்கு இன்னும் நல்ல வழி இருக்கு, நிறைய யூனிவர்சிட்டி ஊழியர்களுக்கு ட்யூஷன் சலுகை தர்றாங்க, வேலைய விடாம சாயங்கால க்ளாஸ்ல முடிச்சிடலாம்.

கடன் விஷயத்துல இப்போ சட்டமும் மாறிடுச்சு. 2025 ஜூலையில கையெழுத்தான சட்டப்படி, 2026 ஜூலை 1ல இருந்து புதுசா கடன் வாங்குறவங்களுக்கு, மேற்படிப்போட முழுச் செலவுக்கும் அரசு கொடுத்துட்டிருந்த கிராட் ப்ளஸ் லோன் கிடையாது, இந்த மாதிரி மாஸ்டர்ஸுக்கு வருஷத்துக்கு 20,500 டாலர்தான் ஃபெடரல் கடன், மொத்தம் ஒரு லட்சம். இதுவரைக்கும் விலை உசந்த ப்ரோக்ராமுங்க ‘லோன் கிடைக்கும்ல’னு சொல்லி ஆள் சேர்த்தது இனி கஷ்டம். பப்ளிக் சர்வீஸ் லோன் ஃபர்கிவ்னஸ் இன்னும் இருக்கு, அரசு அல்லது நான்-ப்ராஃபிட் காலேஜ்ல முழுநேர வேலை பார்த்துக்கிட்டே 120 தவணை கட்டுனா மீதி தள்ளுபடி, பத்து வருஷம் பொறுமை வேணும்.

சம்பளத்தைப் பத்தி கூகுள் பண்ணா போஸ்ட்செகண்டரி எஜுகேஷன் அட்மினிஸ்ட்ரேட்டர்னு அமெரிக்க தொழிலாளர் புள்ளிவிவர அலுவலகம் சொல்ற மீடியன் வருஷத்துக்கு ஒரு லட்சம் டாலருக்கு மேல காட்டும். அதை பார்த்து ஏமாறாதீங்க. அதுல டீன், ப்ரோவோஸ்ட் (கல்விப் பிரிவோட தலைமை அதிகாரி) எல்லாம் அடக்கம். புதுசா முடிச்சிட்டு வர்ற ஹால் டைரக்டரும் அட்வைசரும் அதுக்கு பக்கத்துலகூட இல்ல. எவ்வளவு கீழன்னா, ஓவர்டைம் கொடுக்கத் தேவையில்லாத சம்பள வரம்பை அரசாங்கம் உயர்த்தப் போறாங்கன்னு 2016லயும் 2024லயும் பேச்சு வந்தப்போ முதல்ல பதறுன ஆபீஸுங்கள்ல யூனிவர்சிட்டி ஹவுசிங்கும் ஒண்ணு. ரெண்டு தடவையும் டெக்சாஸ் கோர்ட்ல அந்த விதி விழுந்துடுச்சு, 2024ல விழுந்ததுக்கு அப்புறம் வரம்பு பழையபடி வாரத்துக்கு 684 டாலருக்கே போயிடுச்சு. பசங்களோட நலனைப் பத்தி நாள் பூரா பேசுற துறை, தன்கிட்ட வேலை பார்க்குற 25 வயசு ஆளுங்களோட தூக்கத்தைப் பத்தி ஏன் இவ்வளவு கம்மியா பேசுதுங்கறது எனக்கு இன்னைக்கும் ஆறாத கேள்வி. முதல் அஞ்சாறு வருஷத்துல நிறைய பேர் கிளம்பிடறாங்க, கம்பெனிங்கள்ல எச்.ஆர்., ட்ரெயினிங் வேலைக்கும், எட்டெக் பக்கமும்.

மேல ஏறணும்னா டாக்டரேட். டைரக்டர் வரைக்கும் மாஸ்டர்ஸ் போதும், வைஸ் ப்ரெசிடென்ட் நாற்காலிக்கு பெரும்பாலான இடத்துல பிஎச்.டி. அல்லது எட்.டி. (டாக்டர் ஆஃப் எஜுகேஷன்) எதிர்பார்ப்பாங்க. ஆராய்ச்சி பண்ணி ப்ரொஃபசர் ஆகணும்னா பிஎச்.டி., ஆனா அந்த வேலைங்க ரொம்ப கம்மி. வேலை பார்த்துக்கிட்டே வீக்கெண்ட் க்ளாஸ்ல முடிக்கிறது எட்.டி. மாஸ்டர்ஸ் முடிச்ச கையோட டாக்டரேட்டுக்கு போறதை அனுபவசாலிங்க யாரும் பெருசா ஊக்குவிக்கிறதில்ல, ஒரு பட்ஜெட்டை நடத்தி, ஒருத்தரை வேலைய விட்டு அனுப்ப வேண்டிய நிலமைய ஒரு தடவையாவது பார்த்துட்டு வாங்கம்பாங்க.

இப்போ காத்து வேற எதிர் திசையில அடிக்குது. டெக்சாஸ்ல எஸ்.பி. 17ன்னு சட்டம் 2024 ஜனவரி 1ல அமலுக்கு வந்து அரசு யூனிவர்சிட்டிங்கள்ல டைவர்சிட்டி ஆபீஸுங்களை மூட வச்சுது, ஏப்ரல்ல யூ.டி. ஆஸ்டின்ல ஒரு பிரிவையே மூடி ஆளுங்களை வீட்டுக்கு அனுப்பினாங்க. மிஷிகன் யூனிவர்சிட்டி 2025 மார்ச்ல தன்னோட டைவர்சிட்டி ஆபீஸை மூடிடுச்சு. மல்டிகல்சுரல் சென்டர்ல வேலைங்கற கனவோட இந்த படிப்புக்கு வந்தவங்க நிறைய பேர், அவங்க தேடுற பதவிப் பேரே பல ஸ்டேட்ல இல்ல. இன்னொரு பக்கம் அமெரிக்காவுல குழந்தை பிறப்பு உச்சத்துல இருந்தது 2007ல, 43 லட்சம் சொச்சம், அதுக்கு அப்புறம் இறக்கம். 2007 கூட 18 கூட்டிக்கோங்க. பசங்க எண்ணிக்கை குறையப் போற இந்த நேரத்துல சின்ன ப்ரைவேட் காலேஜுங்க தடுமாறுது, இணையுது, மூடுது. வடகிழக்குலயும் மத்திய மேற்குலயும் வேலை தேடுறவங்க அந்த காலேஜோட அட்மிஷன் நம்பரை ஒரு தடவை பார்த்துட்டு கையெழுத்து போடுறது நல்லது. கம்யூனிட்டி காலேஜுங்க சுமார் ஆயிரம் இருக்கு, ஹையர் எட் க்ளாஸ்ல அதைப் பத்தி பேசுறது கம்மி, ஆனா அசாப் மாதிரி வேலை நடக்குற இடம் அதுதான்.

இந்தியாவுல இருந்து எஃப்-1 விசாவுல வந்து இதை படிக்க நினைக்கிறவங்க சில விஷயம் முன்னாடியே தெரிஞ்சுக்கணும். கேம்பஸ் வேலை செமஸ்டர் நடக்கும்போது வாரம் 20 மணி நேரம்தான், அதனால ஜி.ஏ. எடுத்தா அதோட முடிஞ்சுது, கூடுதலா ஒரு மணி நேரம்கூட எடுக்க முடியாது. இது ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்ப) டிகிரி இல்ல, படிச்சு முடிச்சதும் வேலை பார்க்க கிடைக்கிற ஓபிடி அனுமதி 12 மாசத்தோட சரி, கம்ப்யூட்டர் சயின்ஸ் ஆளுங்களுக்கு கிடைக்கிற 24 மாச நீட்டிப்பு கிடையாது. நல்ல செய்தி, யூனிவர்சிட்டிங்களுக்கு ஹெச்-1பி வேலை விசா லாட்டரி கிடையாது, வருஷம் முழுக்க எப்ப வேணா போடலாம். ஆனா ஒரு ஹால் டைரக்டருக்காக வக்கீல் ஃபீஸ் கட்டி ஸ்பான்சர் பண்ண எத்தனை காலேஜ் தயாரா இருக்கும்ங்கறது தனி கேள்வி, இன்டர்வியூலயே நேரா கேட்டுடுங்க. இன்னொண்ணு, இது பலருக்கு முடிக்கும்போதுதான் தெரிய வருது: இங்க வந்து கஷ்டப்பட்டவங்க இயல்பா இன்டர்நேஷனல் ஸ்டூடண்ட் ஆபீஸ்ல வேலை பார்க்க ஆசைப்படுவாங்க, ஆனா மாணவர் விசாவுக்கு வேண்டிய ஐ-20 படிவத்துல கையெழுத்து போடுற டி.எஸ்.ஓ. பதவிக்கு அமெரிக்க சிட்டிசனா இல்ல கிரீன் கார்டு வச்சிருக்கவங்களா இருக்கணும்னு விதி. அந்த ஆபீஸ்ல நிகழ்ச்சி, ஓரியன்டேஷன் மாதிரி வேலைங்க கிடைக்கலாம், கையெழுத்து போடுற வேலை கிடைக்காது. ஹெச்-4, எல்-2ன்னு வேலை விசாக்காரரோட துணையா வந்து, கிரீன் கார்டு வாங்கி, பிள்ளைங்க ஸ்கூலுக்கு போன அப்புறம் என்ன பண்ணலாம்னு யோசிக்கிற நம்ம பெண்கள் சில பேருக்கு இந்த வழி ரொம்ப பொருத்தமா அமையும், ஊர்ல லெக்சரரா இருந்த அனுபவமும் அட்வைசிங்ல வீணாகாது.

அட்மிஷன் பெரும்பாலும் டிசம்பர், ஜனவரியில அப்ளிகேஷன், பிப்ரவரி மார்ச்ல இன்டர்வியூ டேஸ், அங்கயே ஜி.ஏ. இன்டர்வியூவும் நடக்கும். அந்த ரெண்டு நாள்ல ப்ரொஃபசருங்க சொல்றதை கேட்டுக்கோங்க, ஆனா ராத்திரி சாப்பாட்டுல ரெண்டாம் வருஷ பசங்க பக்கத்துல உக்காருங்க. 20 மணி நேரம்னு பேப்பர்ல இருக்கு, நிஜத்துல எத்தனை ஆகுது? டியூட்டி ஃபோன் மாசத்துல எத்தனை ராத்திரி? சம்மர் மூணு மாசம் ஸ்டைபெண்ட் உண்டா, தங்குற இடம் உண்டா? ஹெல்த் இன்ஷூரன்ஸ் யார் கட்டுறா? ட்யூஷன் தள்ளுபடின்னா ஃபீஸும் சேர்த்தா, இல்ல ஃபீஸ் தனியா ஆயிரக்கணக்குல வருமா? போன வருஷம் முடிச்ச பேட்ச்ல ஒவ்வொருத்தரும் இப்போ எங்க இருக்காங்கன்னு பேரோட கேளுங்க, பதில் சொல்ல யோசிச்சாங்கன்னா அடுத்த ஊர் இன்டர்வியூக்கு டிக்கெட் போடுங்க.